மூன்றுக்குப் பிறகு

ஒரு மாசி மாதம், ஆற்று மைதானத்தில் பெரிய பொருட்காட்சி நடந்தது. ராட்டினம், மரணக்கிணறு, டெல்லி அப்பளம் என்று எதற்கும் குறைவில்லை. அப்பளக் கடைக்குப் பக்கத்தில் ஜெபமணியின் போட்டோக் கடை. படம் எடுத்த கையோடு பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவார் மனிதர்.

அந்தக் கடை வரிசையில் சொர்ணக்கிளி தன் கணவர் முத்திருளாண்டியோடு நின்றாள். அவளுக்குள் குடியிருந்த சிரிப்பு மட்டும் நைசாக நழுவி, ஸ்டாண்டில் நின்ற கேமராவிடம் வந்தது.

"அண்ணே, ஒரு உதவி. ஐம்பத்தெட்டு வருஷமாக இவளோடு இருக்கிறேன். ஒரு போட்டோவில்கூட நான் இல்லை. கல்யாண ஆல்பத்தில் இல்லை, வளைகாப்புப் படத்தில் இல்லை."

"ஏன்?"

"தெற்றுப்பல். நான் வாசலுக்கு வந்தாலே கையால் வாயைப் பொத்திவிடுவாள். இன்றைக்கு எடுக்கப்போவது மகனின் புது வீட்டுக் கூடத்தில் மாட்டும் படம். இதிலும் நான் இல்லாவிட்டால், இவள் எப்போதும் உர்ரென்றுதான் இருந்தாள் என்று பேரன் பேத்திகள் நம்பிவிடுவார்கள். என்னால் தாங்க முடியாது அண்ணே."

கேமராவுக்கு மனம் இளகியது. ஆனாலும் கையை விரித்தது.

"நான் என்ன செய்வேன்? ஜெபமணி 'ரெடி' என்பார். உடனே விறைப்பு ஓடிவந்துவிடும்."

விறைப்பு அங்கேதான் நின்றிருந்தது. பொருட்காட்சி தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கடையில் அதன் ராஜ்ஜியம். மோவாயை நிமிர்த்தும், தோளைத் தூக்கும், உதட்டைத் தைக்கும். பச்சைக் குழந்தையைக்கூட நீதிபதி மாதிரி உட்கார வைத்துவிடும்.

"படம் என்றால் மரியாதை வேண்டாமா? பல்லைக் காட்ட இதென்ன பற்பசை விளம்பரமா?" என்றது விறைப்பு.

சிரிப்பு அதைக் கண்டுகொள்ளவில்லை. கேமராவின் காதருகே கேட்டது. "மூன்று எண்ணி முடித்த பிறகு என்ன நடக்கும்?"

"முடிந்தது என்று விறைப்பு போய்விடும். எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் அப்போது என் கண் மூடியிருக்கும். இந்தப் பத்து நாளில் எத்தனை ஆயிரம் சிரிப்பைத் தவறவிட்டேனோ!" சொல்லும்போதே கேமராவுக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்படியானால் அந்த ஒரு மூச்சுக்குக் கண்ணை மூடாதே."

அதற்குள் சொர்ணக்கிளியின் முறை வந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்ததுமே விறைப்பு வேலையைத் தொடங்கியது. அவள் இரண்டு கைகளையும் முழங்காலில் ஒட்டிவைத்தது. முத்திருளாண்டியின் தொந்தியை உள்ளே இழுத்துப் பிடித்தது.

"அம்மா, கொஞ்சம் நிமிருங்க. அய்யா, இப்பிடிப் பாருங்க. ரெடி! ஒண்ணு... ரெண்டு... மூணு!"

ஜெபமணி பித்தானை அழுத்தினார். கேமரா கண்ணைத் திறக்கவில்லை. எதையோ தேடுவதுபோல லென்ஸை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டு நின்றது.

மூன்று சொல்லியாயிற்று. கடமை முடிந்ததென்று விறைப்பு சட்டென்று இறங்கிப்போனது. அது விட்டதும் தொந்தி திரும்ப வந்தது. வந்த வேகத்தில் சட்டைப் பொத்தான் தெறித்து ஜெபமணியின் நெற்றியில் பட்டது.

சிரிப்பு புறப்பட்டுவிட்டது. சொர்ணக்கிளியின் கை முழங்காலை விட்டு எழுவதற்குள், தெற்றுப்பல்லோடு, கண்ணோரச் சுருக்கங்களோடு முழுசாக வெளியே வந்து நின்றது.

அப்போது கேமரா கண்ணைத் திறந்தது. கிளிக்!

திரையில் படத்தைப் பார்த்த ஜெபமணி நெற்றியைத் தடவிக்கொண்டார். "லேட்டா எடுத்துருச்சும்மா. அழிச்சிட்டு இன்னொண்ணு எடுத்துருவோம்."

"அழிங்க தம்பி, அழிங்க," என்றாள் சொர்ணக்கிளி வாயைப் பொத்தியபடி. "பல்லுதான் முன்னால தெரியும்."

விறைப்பு திரும்பி வந்து சட்டமாக நின்றது. சிரிப்புக்கு உயிரே போய்விட்டது. அழிக்கும் பித்தான் ஜெபமணியின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது.

முத்திருளாண்டி திரையை எட்டிப் பார்த்தார்.

"அழிச்சீன்னா தெரியும் சேதி," என்றார் ஜெபமணியிடம். "முப்பத்தெட்டு வருசமா நான் குடும்பம் நடத்துனது இந்த மூஞ்சியோடதான்யா. போட்டோவுல மட்டும் வேற எவளோ ஒருத்தி உக்காந்திருந்தா. இதையே போடு. பெருசாப் போடு!"

பிரிண்ட் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்து, "அண்ணே, எங்களையும் இதே மாதிரி எடுங்க," என்று முண்டியடித்தார்கள். விறைப்பைச் சீண்ட ஆளில்லை. "மூன்றுக்குப் பிறகும் வேலை உண்டு என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!" என்று அது புலம்பியது.

"கவலைப்படாதே. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் இடத்துக்குப் போ, உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள்," என்றது கேமரா.

சொர்ணக்கிளி இரண்டு கைகளாலும் படத்தைப் பிடித்திருந்தாள். வாயைப் பொத்தக் கை மிச்சமில்லை.

"நான் சிரிச்சா இப்பிடியா இருப்பேன்?" என்று கேட்டாள். "அழகாத்தானே இருக்கேன்!"