கேலரி ஓரத்து ஓட்டக்காரி

“நான் வந்தா ஓடவே மாட்டேன்னு சொல்லிட்டாம்மா.”

வந்ததும் வராததுமாக ஜெயநந்தன் இதைத்தான் சொன்னார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

ஜெயநந்தன் இருபது வருஷமாக சினிமாவில் ஹீரோ. இப்போது படம் குறைந்துவிட்டது. விளையாட்டு வீரர்களுக்கு விளம்பரம் பிடித்துத் தருகிற கம்பெனி ஒன்று ஆரம்பித்திருக்கிறார். சினிமாக்காரர்கள் பலருக்கு இப்போது இந்த ஆசை வந்திருக்கிறது. வரட்டும், நமக்கென்ன.

அவர் தேடி வந்தது மலையடிவாரத்து மடத்துக்கு. அங்கே இருப்பவர் திலகவதி. ஜெயநந்தனைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் வருகிற எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

“யாரு ஓட மாட்டேங்குறா?” என்று கேட்டார் திலகவதி.

“முத்தரசி. நூறு மீட்டர் ஓடுற பொண்ணு. என் கம்பெனியில முதல்ல சேர்ந்தவ. பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டேன்மா. ஊர் ஊரா அவ முகத்தை போஸ்டர்ல போட்டேன். இப்ப என்னையே வராதேங்குறா. மனசு வலிக்குது.”

“போஸ்டர் பார்த்தேன். நீங்க பெருசா இருந்தீங்க, அவ ஓரமா இருந்தா.”

“அப்படிப் போட்டாத்தாம்மா ஜனங்க பார்ப்பாங்க.”

“சரி, சொல்லுங்க.”

“போன மாசம் ஒரு ரேஸ். முதல் மூணு பேருக்கு இந்திய டீம்ல இடம். இவ நாலாவது. எல்லாரும் கிளம்பின அப்புறம்தான் இவ கிளம்புறா! ஏன்மான்னு கேட்டா வாயைத் திறக்கல.”

“நீங்க அங்க இருந்தீங்களா?”

“இல்லாமலா? கரெக்டா ரேஸ் ஆரம்பிக்கிற நேரத்துக்கு உள்ள போனேன்.”

“முன்னாடியே போய் உக்காரலையா?”

ஜெயநந்தன் சிரித்தார். விவரம் தெரியாத ஆளிடம் பேசுகிறோம் என்று நினைத்திருப்பார்.

“ஹீரோ முன்னாடியே போய் உக்காருவானாம்மா? எல்லாரும் வந்து உக்கார்ந்த பிறகு போகணும். அதுதான் என்ட்ரி. அன்னிக்குப் பார்த்திருக்கணுமே நீங்க! கேலரியே எழுந்து நின்னு விசிலடிக்குது. இவ ஓடுற லேன் கேலரியை ஒட்டினாப்ல. எவ்வளவு தெம்பா இருந்திருக்கும் அவளுக்கு!”

“ஓட்டத்தை எப்படித் தொடங்குவாங்க?”

“துப்பாக்கி வெடிப்பாங்க.”

“ம்.”

ஜெயநந்தன் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

“ஞாயிற்றுக்கிழமை கடைசி ரேஸும்மா. டீம்ல இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி, இதையும் விட்டா அதுவும் கிடையாது. நான் போகலைன்னா ஷூ கம்பெனிக்காரங்க வர மாட்டாங்க, டிவிக்காரங்களும் வர மாட்டாங்க. போனா இவ ஓட மாட்டா. போகவா, வேண்டாமா? நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

“சொல்றேன். கத்திரிக்காய் வாங்கணும், சந்தை வரைக்கும் வாங்க.”

“சந்தைக்கா? கூட்டம் கூடிடுமேம்மா!”

“கூடட்டும்.”

ஜெயநந்தன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டார். அந்தக் கோலத்தில் சந்தைக்கு வருகிறவர் வேறு யார்? நுழைந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

“டேய், ஜெயநந்தன்டா!”

“தலைவா!”

தக்காளிக்காரி தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். வெங்காயக் கூடை கவிழ்ந்தது. ஆளுக்கொரு பக்கம் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

ஒருத்தர் தன் போனைத் திலகவதியிடம் நீட்டினார். “அம்மா, ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. சார் முகம் நல்லா விழணும்.”

திலகவதி எடுத்துக் கொடுத்தார். பிறகு ஜெயநந்தன் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். ஜெயநந்தன் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

திலகவதி கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு மடத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஜெயநந்தன் வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார். சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பார்த்தீங்களாம்மா, இன்னும் மவுசு குறையல! சரி, இப்ப சொல்லுங்க.”

“சொல்லிட்டேனே.”

“எப்ப?”

“தக்காளிக் கடை முன்னாடி. உங்களை ஒட்டி நின்னுதான் சொன்னேன்.”

“எனக்குக் கேக்கலையே!”

“அப்படியா.”

திலகவதி அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு கத்திரிக்காய் நறுக்க உட்கார்ந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

“மாட்டேன். ஒரு தடவைதான்.”

முத்தரசியைத் தவிர இருபது வருஷத்தில் ஜெயநந்தனிடம் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

“இது என்னம்மா அநியாயம்! அத்தனை பேர் கத்திக்கிட்டு இருக்கும்போது என் காதுல எப்படி விழும்?”

திலகவதி நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் நறுக்க ஆரம்பித்தார்.

ஜெயநந்தன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“அடப்பாவமே” என்றார். “அன்னிக்கு அந்தத் துப்பாக்கிச் சத்தம்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ.”

“நீங்க எப்ப தனியா இருந்தீங்க, சொல்றதுக்கு?”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. படத்தில் அழுவது போல இல்லை, மூக்கெல்லாம் ஒழுகியது. துண்டால் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஷூ கம்பெனிக்காரரைக் கூப்பிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை நான் வரலைங்க.”

அந்தப் பக்கத்துக் குரல் திலகவதிக்கும் கேட்டது.

“சார், விளையாடாதீங்க! நீங்க வரலைன்னா நாங்க எதுக்கு வரணும்? டிவியும் வராது. அந்தப் பொண்ணு ஓடுறதை அப்புறம் யாரு சார் பார்ப்பாங்க?”

“யாரும் பார்க்க வேண்டாம்” என்றார் ஜெயநந்தன். “அவ ஓடட்டும்.”