முகவரியின் கடைசிச் சொல்

விழுப்புரத்தில், யாரும் தேடி வராத உடல்களைப் பிணவறையிலிருந்து வாங்கி அடக்கம் செய்துவந்தாள் அஞ்சலாட்சி. வயது நாற்பத்தொன்று. அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவளிடம் வந்த ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. அச்சகத்தில் பிழை திருத்தியே கண் மங்கியவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை ஐயா என்பாள். யார் குரு, யார் சீடர் என்பதில் மட்டும் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

முதல் ஒரு மாதம் அவருக்கு அவள் கற்றுக்கொடுத்தது பார்க்கத்தான். உடலைக் கழுவும்போது தழும்பு, பச்சை குத்திய பெயர், சட்டைக் காலரில் தைத்திருக்கும் தையல்கடைப் பெயர், எதையும் விடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதி, குழியின் எண்ணோடு இணையத்தில் ஒரு பக்கத்தில் ஏற்றிவிடுவார்கள். காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் அதைத் திறந்து பார்ப்பார்கள்.

அந்தப் பக்கத்தின் முகவரி 'அடையாளம் டாட் இன்'. ஏகாம்பரத்துக்கு அது மொட்டையாகப் பட்டது. டாட் காம், டாட் இன் என்று இருக்கும் இடத்தில் இப்போது அந்தந்தக் காரியத்துக்கு ஏற்ற சொல்லே கிடைக்கிறது என்று அவருடைய மருமகன் சொல்லியிருந்தான். அவன் காட்டிய பட்டியலில் 'டாட் மெமோரியல்' இருந்தது. அதில்தான் அவர் கண் நின்றது. பெயரில்லாமல் மண்ணுக்குள் போன இருநூற்றுச் சொச்சம் பேருக்கு இந்த மரியாதையாவது வேண்டாமா? விலைதான் பழையதைவிடக் கூடுதல்.

அன்று சாயங்காலம் அஞ்சலாட்சியிடம் கேட்டார்.

"வாங்கலாமாம்மா? அந்த விலைக்குத் தகுமா?"

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல வாயால சொல்லிப் பாருங்க. அடுத்து யாரு வந்து கேக்குறாங்களோ, அவங்ககிட்ட."

மறுநாள் செஞ்சிப் பக்கத்திலிருந்து பூங்காவனம் என்ற பெண் வந்தாள். கொத்து வேலைக்குப் போன மகனைப் பற்றி நான்கு மாதமாகத் தகவல் இல்லை. இங்கேயும் ஒருமுறை விசாரிக்கும்படி காவல் நிலையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடிக்கடி பஸ் ஏறி வர முடியாது, மகளுடைய போனில் பார்த்துக்கொள்கிறேன், முகவரி சொல்லுங்கள் என்றாள்.

ஏகாம்பரம் புதுப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் வருவதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டாள்.

"செத்தவங்க நெனவா வைக்கிறதும்மா."

பூங்காவனம் எழுந்தாள். முகத்தில் கோபமில்லை. மடியில் வைத்திருந்த மகனின் போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்ப நான் வர வேண்டிய எடம் இது இல்லீங்க. எம்மவன் தொலைஞ்சுதான் போயிருக்கான்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். எந்த இடத்துக்கு வந்தோம் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதை இன்னொருவர் வாயால் கேட்கத்தான் முடியவில்லை. ஏகாம்பரத்துக்கு அது புரிந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். 

அஞ்சலாட்சிதான் பின்னாலேயே ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் என்ன பேசினாளோ, அரைமணி நேரம் கழித்து அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

மூவரும் உட்கார்ந்து, அடக்கம் செய்தவர்களின் பட்டியலைப் பார்த்தார்கள். மகனுக்குப் புருவத்தில் வெட்டுத் தழும்பு. இடது சுண்டுவிரல் கோணல். நான்கு மாதக் குறிப்புகளில் எதுவும் பொருந்தவில்லை. பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். புறப்படும்போது மறுபடியும் முகவரி கேட்டாள். ஏகாம்பரம் பழைய முகவரியையே பெரிய எழுத்தில் எழுதி, பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

அவள் போன பிறகும் அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த இருநூறு பேரில் பதினேழு பேரை அவர்கள் வீட்டார் கண்டுபிடித்திருந்தார்கள்.

"தேடிக் கண்டுபிடிச்சவங்களுக்கு? அவங்களுக்காவது அந்தப் பேரு வேணாமாம்மா?"

அஞ்சலாட்சி கணினியை அணைத்தாள்.

"கண்டுபிடிச்சவங்க இந்தப் பக்கத்தத் திரும்பத் தொறக்கவே மாட்டாங்க, ஐயா. நேரா குழிக்கே போயிடுவாங்க."