ஒன்பதாவது சொம்பு

"மேடம், மூணு மாசம் முடிஞ்சுது. நான் இங்க என்ன கத்துக்கிட்டேன்?"

கேட்டவர் சிவசைலம். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தெட்டு ஆண்டுகள் நில அளவையராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, அஞ்சல் வழியில் அருங்காட்சியகவியல் படித்தார். பட்டயம் கைக்கு வர மூன்று மாதம் ஓர் அருங்காட்சியகத்தில் பயிற்சி பெற வேண்டும். அதன் கடைசி நாள் இன்று.

காப்பாட்சியர் ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு வயது. பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார்.

"நீங்கதான் சொல்லணும் சார்."

சிவசைலம் சான்றிதழ்ப் படிவத்தை மேசைமேல் வைத்தார். ‘பயிற்சியில் கற்றது’ என்ற கட்டம் மட்டும் காலி. அதற்குக் கீழேதான் காப்பாட்சியர் கையெழுத்திட வேண்டும்.

"ஒரு வாரமா யோசிக்கிறேன். ஒண்ணும் தோணல. தூசி தட்டினேன். நம்பர் எழுதினேன். வேலைய விட்டதே தப்போன்னு இருக்கு. வீட்லயும் அதத்தான் சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"ஊரை அளந்தது போதாதுன்னு இப்ப பானையை அளக்கப் போயிட்டாராம்."

கதவருகே நின்ற உதவியாளர் வேலம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு வேலை பாக்கி இருக்கு சார்" என்றார் ஜெசிந்தா. "ஆயிரத்து நாப்பத்தேழாம் நம்பருக்குப் புது விளக்க அட்டை எழுதணும். சரியா எழுதிக் கொடுங்க. கையெழுத்துப் போடறேன்."

1047 கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பித்தளைச் சொம்பு.

அது பதிவேட்டில் ஏறியது சிவசைலம் சேர்ந்த முதல் நாளில். ஜெசிந்தா வெளியூரில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒரு குடும்பம் நன்கொடையாகக் கொடுத்த பித்தளைப் பாத்திரங்கள் ஜெசிந்தாவின் மேசைமேல் இருந்தன. சிவசைலம் ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தார். அடியில் எண் எழுதினார். மாலைக்குள் எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். அப்படியொரு வேகத்தை அந்தக் கட்டடம் கண்டதில்லை.

பதிவேட்டில் ஏறிய பொருள் மேலிடத்து ஆணை இல்லாமல் இறங்காது. அது அங்கே விதி.

இன்று கால் மணி நேரத்தில் புது அட்டை வந்தது.

‘பித்தளைச் சொம்பு. உயரம் 14.3 செ.மீ. காலம்: பதினெட்டாம் நூற்றாண்டு. ஜமீன் குடும்பத்துப் பெண்கள் பயன்படுத்தியது.’

ஜெசிந்தா சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"பதினெட்டாம் நூற்றாண்டுன்னு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுதே மேடம். கழுத்து வளைவு அப்படி."

அடித்தார்.

"ஜமீன் பெண்கள்?"

"ஸ்கூல் பிள்ளைங்க வந்து நிக்கிறாங்க. ஏதாவது சொல்லணுமே."

அடித்தார்.

"உள்ளே தண்ணி இருந்ததுன்னு பதிவேட்டில எழுதியிருக்கீங்க."

"ஆமா, கால் சொம்பு. அபிஷேகத் தீர்த்தமா இருக்கலாம்னு குறிச்சிருக்கேன்."

"அதை என்ன செஞ்சீங்க?"

"தலையில தெளிச்சுக்கிட்டேன்."

வேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சற்று நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"உயரம் சரிதான் மேடம். மூணு தடவை அளந்தது."

"அது இருக்கட்டும். நன்கொடைக் கடிதத்தில எத்தனை பாத்திரம்?"

"எட்டு."

"நீங்க ஏத்தினது?"

"ஒன்பது."

"எப்படி?"

"அவங்க எண்ணினதுல பிழை. அதையும் குறிப்புல எழுதிட்டேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு மேடம்? நான்தான் அளந்துட்டேனே."



ஜெசிந்தாவின் மர மேசையில், வலது கை எட்டும் இடத்தில், வட்டமாக ஒரு கறை இருந்தது. ஈரப் பாத்திரத்தை ஒரே இடத்தில் பல காலம் வைத்து எடுத்ததால் விழுந்த கறை. தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அதன் நடுவில் வைத்தார்.

பாட்டில் சிறியது. வட்டம் பெரியது.

ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது சிவசைலத்தால் ஆகாது. சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். பாட்டிலை நகர்த்தினார்.

ஏழு புள்ளி ஆறு.

அவர் கை நின்றது. பதிவேட்டைப் புரட்டினார். 1047. அடி விட்டம்: 7.6.

மறுபடி அளந்தார்.

மூன்றாவது முறை அளக்கவில்லை.

"மேடம், அது யாரோட சொம்பு?"

"என்னோடது சார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வாங்கினது. நாலு வருஷம் ஆகுது."

"அப்ப அந்தத் தீர்த்தம்?"

"நான் குடிச்சது போக மிச்சம்."

சிவசைலத்தின் கை தலைக்குப் போனது.

"திருப்பி எடுத்துக்க வேண்டியதுதானே?"

ஜெசிந்தா இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். மேலிடத்துப் பதில். ‘பதினெட்டாம் நூற்றாண்டுச் சொம்பை, தனிநபர் ஒருவர் தண்ணீர் குடிப்பதற்காக வழங்க விதிகளில் இடமில்லை.’

சிவசைலம் அதை இரண்டு முறை படித்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம்."

"அன்னிக்கு நான் ரெண்டு தடவை வந்தேன் சார்" என்றார் வேலம்மாள். "‘இரும்மா, அளந்துட்டு இருக்கேன்’னு கையைக் காட்டிட்டீங்க."

வெளியே ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கும் சத்தம் கேட்டது.

ஜெசிந்தா வெற்று அட்டை ஒன்றை அவர் பக்கம் தள்ளினார்.

சிவசைலம் உட்கார்ந்தார். முதல் அட்டைக்குக் கால் மணி நேரம் ஆனது. இதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. இடையில் எழுந்து வந்து, "நாலு வருஷத்துக்கு முன்னாடின்னா எந்த மாசம் மேடம்?" என்று கேட்டார். பிறகு, "கடைக்காரர் பேரு ஞாபகம் இருக்கா?" என்றார். பிறகு, "வெயில் காலத்துல அதுல தண்ணி குளுகுளுன்னு இருக்குமோ?"

"இருக்கும் சார்" என்றார் ஜெசிந்தா.

சிவசைலம் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

‘பித்தளைச் சொம்பு. உயரம் 14.3 செ.மீ. இதில் காப்பாட்சியர் ஜெசிந்தா தண்ணீர் குடித்தார். காலம்: மூன்று மாதம் முன்பு வரை.’

ஜெசிந்தா படித்தார். சிவப்புப் பேனாவை மூடினார்.

"மேடம், படிவத்துல அந்தக் கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

ஜெசிந்தா அடித்துத் திருத்திய பழைய அட்டையை எடுத்தார். படிவத்தோடு சேர்த்துப் பின் குத்தினார். காலிக் கட்டத்தில் ‘இணைப்பு காண்க’ என்று எழுதினார்.

கையெழுத்திட்டார்.