அழுத ராஜா, அழாத ராஜா

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டார். அவர் முன்னால் வாயைத் திறக்கவும் பயம், மூடிக்கொண்டிருக்கவும் பயம். காலையில் ஒருவனுக்குப் பல்லக்கு கொடுப்பார். மத்தியானம் அவனையே பல்லக்குத் தூக்கச் சொல்வார். அப்பேர்ப்பட்டவரிடம் பதினெட்டு வருஷம் மந்திரியாக இருந்தும் தலையைக் காப்பாற்றிக்கொண்டவர் சிற்றம்பலம்.

அந்த ராஜாவின் ஆறு வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே பிள்ளை. மறுநாளே ராஜா சபையில் வந்து உட்கார்ந்து, "ஏரிக்கரை உடைப்பு என்னவாயிற்று?" என்று கேட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை, ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். மனுஷர் ஒருமுறை அழுதால் பிழைத்துக்கொள்வார் என்று சிற்றம்பலம் நினைத்தார். அதனால்தான் கோயில் திருவிழாவுக்குத் துளசிங்கத்தின் கூத்துக் கோஷ்டியை வரவழைத்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ராஜாவின் கதை. துளசிங்கம்தான் ராஜா வேஷம்.

அங்கேதான் மந்திரி சறுக்கினார். துளசிங்கம் கிரீடத்தோடு தரையில் விழுந்து புரண்டு அழுதபோது சனமெல்லாம் அழுதது. ராஜா மட்டும் விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை சபை கூடியது. துளசிங்கத்தைக் கையைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். முகத்தில் அரிதாரம்கூடப் போகவில்லை. எண்ணெய் தேய்த்துக் கலைக்க விட்டால்தானே!

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒருவர் அந்தச் சபையில் இருந்தார். வாசல் அதிகாரி கோனேரி. மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, உங்கள் துக்கத்தை இவன் வேஷம் கட்டிக் கேலி செய்தான். இவனை வரவழைத்தது யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை" என்றார்.

"இனி என் நாட்டில் வேஷம் போடுகிறவன் தலை தங்காது" என்றார் ராஜா. "முதலில் இவன்."

பாவி, நான் கூப்பிட்டல்லவா வந்தான், என் யோசனையால் அல்லவா சாகப்போகிறான் என்று சிற்றம்பலம் தன்னையே நொந்துகொண்டார். மெல்ல எழுந்து தலைப்பாகையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"உத்தரவு, மகாராஜா. ஆனால் முதலில் நான்தான் போகவேண்டும்."

"நீர் எதற்கு?"

"எனக்கு இரண்டு வருஷமாக முட்டிவலி. நீங்கள் வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே எழுந்து நிற்கிறேன். அந்தச் சிரிப்பு வேஷம்தான்."

சபையில் யாரோ இருமினார்கள். மந்திரி, வாளோடு நின்ற சேவகன் பக்கம் திரும்பினார். "சூரப்பா, வாளை ஓங்குமுன் மீசையை முறுக்குகிறாயே, எதற்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "முறுக்காட்டி கை நடுங்குதுங்க, சாமி. எனக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்குதுங்க."

"கோனேரியாரே, குழந்தை போன அன்று மாரடித்துப் புரண்டீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தி, சுண்ணாம்பு சரியில்லை என்று வெற்றிலைக்காரியோடு சண்டை போட்டது யார்?"

கோனேரி மெல்லத் தூண் மறைவுக்கு நகர்ந்தார்.

ராஜாவின் குரல் இறங்கியிருந்தது. "அப்படியானால் நானும் வேஷம் போடுகிறேன் என்கிறீரா?"

ஆமாம் என்றால் மந்திரி தலை போகும். இல்லையென்றால் துளசிங்கம் தலை போகும். சிற்றம்பலம் கைகூப்பினார். "வேஷத்தையே தொழிலாகக் கொண்டவன் இதோ நிற்கிறான். அவனைக் கேளுங்கள், மகாராஜா."

ராஜா துளசிங்கத்தைப் பார்த்தார். "அப்படி அழ எங்கே கற்றாய்?"

"கத்துக்கலீங்க, மகாராசா. போன ஆடியில என் பொண்ணு செத்துப்போச்சு. நாலு வயசு. அன்னிக்கு எனக்குக் கோமாளி வேஷம். வாக்குக் கொடுத்த ஊரு, ஆடினேன். சனம் வயிறு வலிக்கச் சிரிச்சுது. வீட்டுக்குப் போனா பொஞ்சாதி அழுவுறா. அவளைத் தேத்தணுமே, அங்கயும் நான் அழல. அப்புறம் அழுகையே வரலீங்க. நேத்து இந்தக் கிரீடத்தை வச்சப்பதான் வந்துச்சு. அழுதது ராசா இல்லீங்க, நான்தான்."

ராஜா கையை உயர்த்தித் தன் கிரீடத்தைக் கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தார்.

"தினமும் காலையில் அவள்தான் இதை என் தலையில் வைப்பாள்" என்றார். "கோணலாகத்தான் வைப்பாள்."

விம்மி விம்மி அழுதார். சிற்றம்பலம் கண்ணால் சைகை காட்டினார். சபை மொத்தமும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றது. ஒன்றும் கேட்காதவர்களைப் போல அத்தனை பேரும் வேஷம் போட்டார்கள். சூரப்பன் தன் மீசையைத் தொடக்கூட இல்லை.

பிறகு துளசிங்கத்தின் கட்டு அவிழ்ந்தது. ராஜாவே படியிறங்கி வந்து, முகம் துடைக்க ஒரு கிண்ணம் எண்ணெயும், வீட்டுக்குப் போகப் பல்லக்கும் கொடுத்தார். கோனேரிக்குப் பெரிய தண்டனை ஒன்றுமில்லை. ஒரு வருஷம் துளசிங்கத்தின் கோஷ்டியோடு ஊர் ஊராகப் போய்க் கோமாளி வேஷம் கட்டவேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் ராஜா சபைக்கு வந்தார். சிற்றம்பலம் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"உட்காரும். முட்டி வலிக்கும்" என்றார் ராஜா.

கிரீடம் கொஞ்சம் கோணலாக இருந்தது. மந்திரி பார்த்தார். சொல்லவில்லை.