முதல் வாய்

பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். இது சிரிக்கிற கதை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

புலிக்கும் மனுஷனுக்கும் ஒரே ஓடையில் தண்ணீர் இருந்த காலம் அது. காரைமலை என்று ஒரு மலை. அடிவாரத்தில் ஏழு ஊர். ஏழு ஊருக்கும் ஒரு ராஜா. அவர் பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

அந்த ஏழு ஊருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி மழை விழுந்ததும், எவனும் தன் நிலத்தில் ஏர் பூட்டுவதற்கு முன்னால், மலையோரத்தில் மூன்று துண்டு நிலத்தை உழுது மான்களுக்கென்று விதைப்பார்கள். பெரிய நிலம் இல்லை, ஒரு ஏர் ஒரே பகலில் உழுது முடிக்கிற அளவுதான். அதற்கு மான்பங்கு என்று பேர். மான் தன் பங்கை அங்கே தின்றுவிட்டால் ஊர் வெள்ளாமையில் வாய் வைக்காது. மான் மலையோடு நின்றால் புலியும் மலையோடு நிற்கும், மாட்டுப்பட்டிக்கு இறங்காது.

மான்பங்குக்கு மூன்று விதி. முதல் விதி, உன் பிள்ளைக்குக் கூழ் காய்ச்ச எடுத்து வைத்திருக்கிறாயே, அந்தத் தானியத்திலிருந்துதான் விதை எடுக்க வேண்டும். இரண்டாவது, ஒரு வருஷம் குழியில் கிடந்து மக்கின எருவைத்தான் போட வேண்டும். மூன்றாவதுதான் பெரிய விதி. பயிர் மேய்ச்சலுக்கு வந்ததும், விதைத்தவன் தன் வீட்டு மாட்டை அங்கே கொண்டுவந்து, அந்தப் பயிரில் மூன்று பிடி பிடுங்கித் தன் கையாலேயே ஊட்ட வேண்டும். மாடு தின்று, நின்று, அசைபோட்ட பிறகுதான் மானுக்கு வேலி திறக்கும். இதற்கு முதல் வாய் என்று பேர்.

மான்பங்குக்குக் காவல் மூன்று பேர். ஒருத்தி நாச்சாயி, புருஷனை இழந்து தனியாகப் பாடுபட்டவள். ஒருவன் மல்லன், பேச்சுக்குக் கூலி கேட்கிறவன் போல வாயே திறக்கமாட்டான். மூன்றாமவன் செங்கோடன். இது அவன் கதை.

செங்கோடன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு அவனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவீர்கள். மூன்று வருஷத்துக்கு முந்தின பஞ்சத்தில் பெண்டாட்டியைப் பசிக்குப் பறிகொடுத்தவன். மிச்சம் இருந்தது ஒன்பது வயது மகள் சிலம்பாயி, செவலை என்று ஒரு பசுமாடு, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கொஞ்சம் மேட்டு நிலம். செவலையின் பாலில்தான் அந்தப் பிள்ளை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பஞ்சம் வந்தால் இவளும் போய்விடுவாளே என்ற பயம் அவனை விட்டு ஒரு நாளும் அகலவில்லை.

அந்த வருஷம் ராஜாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேட்டைப் பைத்தியம். ராஜா ஆள்விட்டுச் சொன்னார்: கல்யாணத்து மறுநாள் மாப்பிள்ளை வேட்டைக்கு வருவார்; எவன் மான்பங்குக் கொல்லையில் மான் அதிகமாக வந்து நிற்கிறதோ, அவனுக்கு ஏரிக்கு அடியில் மூன்று நஞ்சை வயல். பங்கு கொடுத்துக் கூப்பிட்ட மானை அம்பு விட்டுக் கொல்லலாமா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். ராஜாவின் காதில் போய் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற கதைதான்.

ஏரிக்கு அடியில் மூன்று வயல். மழை பொய்த்தாலும் மடை பொய்க்காத வயல். செங்கோடனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

மழை விழுந்தது. மூன்று பேரும் விதைத்தார்கள். நாச்சாயி கொள்ளும் தட்டைப்பயறும் கலந்து தூவி, பழைய குப்பையைப் போட்டாள். மல்லன் சாமை விதைத்து, மக்கின எருவோடு ஏரியில் வெட்டின வண்டல் மண்ணையும் அடித்தான். செங்கோடன் யோசித்தான். கொள்ளு தரையோடு தரையாகப் படரும், சாமை மெல்ல எழும்பும். ராஜாவின் கண்ணிலும் மானின் கண்ணிலும் ஒருசேரப் படவேண்டுமானால் செஞ்சோளம்தான். அது கூழுக்கு வைத்த சோளமும் அல்ல. சந்தையில் கொஞ்சம் மலிவாகக் கிடைத்த புது விதை. அதையே அள்ளி நெருக்கி விதைத்தான்.

எருவிலும் அவனுக்குப் பொறுமை இல்லை. மக்கின குப்பை மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, அந்தத் துண்டு நிலத்தில் மூன்று ராத்திரி மந்தையை அடைத்துக் கிடை போடச் சொன்னான். முளைத்த பிறகும் பச்சைப் புழுக்கையைக் கூடை கூடையாகக் கொட்டினான். சோளம் கருகரு என்று கிளம்பிற்று. பதினைந்தே நாளில் முழங்கால் உயரம். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தோடு மழை நின்றுபோயிற்று.

ஐந்து நாள் பார்த்தான், பத்து நாள் பார்த்தான், இருபது நாள் பார்த்தான். வானம் வெளுத்துக் கிடந்தது. நாச்சாயியின் கொள்ளு சோர்ந்ததே தவிரச் சாகவில்லை. மல்லனின் சாமை பாதி பழுத்துக் காய்ந்து, பாதி பிழைத்தது. தின்று கொழுத்த சோளம்தான் தாகம் தாங்காமல் இலை சுருண்டு நின்றது.

மாடு வைத்திருக்கிறவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதிர் வாங்கின சோளம் மாட்டுக்கு அமுது. முழங்கால் உயரத்தில் வாடின இளஞ்சோளம் விஷம். அதிலும் எரு மிஞ்சினது கொடும் விஷம். அதில் வயிறு நிரப்பின மாடு கொட்டில் வந்து சேராது. அந்த ஏழு ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. செங்கோடனுக்கும் நன்றாகத் தெரியும்.

முதல் நாள் அரிவாளோடு கொல்லைக்குப் போனான், அறுத்துப் போட்டுவிடலாம் என்று. வயல் நினைவு வந்தது, திரும்பிவிட்டான். இரண்டாம் நாளும் போனான். காட்டு விலங்குக்குத் தெரியாத விஷமா, மோந்து பார்த்து ஒதுங்கிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பினான். மூன்றாம் நாள் போனபோது வேலியோரத்தில் நாச்சாயி நின்றிருந்தாள்.

அவள் சோளத்தின் தாளை விரலால் நீவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“தம்பி, உன் செவலையை இதுல மேய விடுவியா?”

அவன் அரிவாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

“விடமாட்டேன்னா அறுத்துடு. நானும் மல்லனும் உன்கூட வந்து அறுக்குறோம். வயலு போனாப் போகுது.”

வயலில்லாதவள் வயலைப் பற்றி என்ன கண்டாள் என்று அவன் மனசு சொல்லிற்று. பார்க்கலாம் அக்கா என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவளும், முதல் வாய் ஒன்று இருக்கிறதே, தன் மாட்டுக்கு அதை எவன் ஊட்டுவான், அங்கே தானாக நின்றுவிடும் என்று நம்பிப் போய்விட்டாள். பாவம், அவள் நம்பினது வழக்கத்தை.

கல்யாணம் முடிந்தது. அன்றைக்கே முதல் வாய். சாயங்காலம் ராஜாவின் ஆட்கள் வந்தார்கள், ஏழு ஊர் ஜனமும் வந்தது. நாச்சாயி தன் எருமைக்கு மூன்று பிடி கொள்ளுக்கொடி ஊட்டினாள். மல்லன் தன் காளைக்கு மூன்று பிடி சாமைப் பயிர் ஊட்டினான். இரண்டும் நின்று அசைபோட்டன.

செங்கோடன் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். தோளில் ஒரு மடித்த துண்டு. அந்தத் துண்டுக்குள்ளே என்ன இருந்தது தெரியுமா? கோயில் கிணற்றடியில் தண்ணீர் குடித்து வளர்ந்து, கதிர் வாங்கி நின்ற நாலு சோளத்தட்டின் தாள். நல்ல தாள். விஷமில்லாத தாள்.

பயிருக்குள் இறங்கிக் குனிந்தான், நிமிர்ந்தபோது கையில் ஒரு பிடி. செவலை தின்றது. மறுபடி குனிந்தான், மறுபடி ஒரு பிடி. செவலை தின்றது. மூன்றாம் பிடியும் துண்டிலிருந்துதான் வந்தது. சிலம்பாயி கூட்டத்தின் முன்னால் நின்று, தன் அப்பா ஊட்டுகிற அழகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாடு நின்றது, அசைபோட்டது, வாலை ஆட்டிற்று. ஜனங்கள் குலவையிட்டார்கள். நாச்சாயி மட்டும் செவலையையும் செங்கோடனையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணால் கண்டதை மறுக்க அவளுக்கு வழி இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் மூன்று வேலிகளையும் திறந்தார்கள். காடெல்லாம் காய்ந்து கிடந்த நேரம். மான்கள் கொள்ளுக்கொடியை மோந்தன, சாமையை மோந்தன. பிறகு அந்தக் கருகரு சோளத்துக்கே கூட்டமாகப் போயின. பசித்த வயிறு எந்தக் காலத்தில் மோப்பம் பார்த்திருக்கிறது?

விடிகாலையில் ஓடைக்குத் தண்ணீருக்குப் போன நாச்சாயிதான் முதலில் பார்த்தாள். சோளக்கொல்லைக்கு அப்பால், ஓடைச் சரிவு முழுக்க மான்கள் கிடந்தன. கொம்பு முளைத்ததும் முளைக்காததும், தாயும் குட்டியும். தண்ணீரைத் தேடி ஓடிவந்து, தண்ணீர் எட்டுவதற்குள் விழுந்திருந்தன. அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடி, செங்கோடன் வாசலில் நின்று, மான் அத்தனையும் செத்துப்போச்சு என்றாள்.

செங்கோடன் ஓடைக்கு ஓடவில்லை. அவனுக்கு என்ன தோன்றிற்றோ, கொட்டிலுக்கு ஓடினான். அங்கே முளைக்குச்சி இருந்தது. கயிறும் இல்லை, மாடும் இல்லை, மகளும் இல்லை.

ஊரில் ஒரு மூலையிலும் பச்சை கிடையாது. பால் வற்றிக்கொண்டு வந்தது. அப்பா எழுந்திருக்கும் முன்னே மாட்டை வயிறு நிரப்பிக் கொண்டுவந்துவிடலாம் என்று பிள்ளை பிடித்துக்கொண்டு போய்விட்டது. எங்கே போகும்? அப்பா தன் கையால் ஊட்டின கொல்லைக்குத்தான் போகும்.

அவன் போனபோது செவலை நுரை கக்கிப் பக்கவாட்டில் கிடந்தது. வயிறு ஏறி இறங்குவது நின்றிருந்தது. சிலம்பாயி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் ஒரு பிடி சோளத்தைத் திணித்துக்கொண்டிருந்தாள். தின்றால் எழுந்துவிடும் என்று நினைத்தாள்.

“அப்பா, நேத்து நீ குடுத்தப்ப ஒண்ணுமே ஆகலையே? நான் குடுத்தா மட்டும் ஏன்ப்பா?”

அவன் அங்கேயே மண்டியிட்டு, மகளின் கையிலிருந்த சோளத்தைப் பிடுங்கி எறிந்தான். தான் செய்ததை அவளிடம் சொன்னான். துண்டைப் பற்றிச் சொன்னான், கோயில் கிணற்றைப் பற்றிச் சொன்னான். பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை வில்லோடு வந்தார். செத்த மானை எய்ய முடியாதல்லவா? ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறு காட்டைப் பார்க்கலாம் என்று பல்லக்கைத் திருப்பச் சொன்னார். வயல் யாருக்கும் இல்லை என்றாயிற்று. ராஜாக்களுக்கு எப்போதும் இன்னொரு காடு இருக்கும். நமக்குத்தான் இருப்பதில்லை.

ஊர் கூடிற்று. செங்கோடன் எதையும் மறைக்கவில்லை. அடிக்கக் கை ஓங்கினார்கள், நாச்சாயி தடுத்தாள். மாட்டையே மகள் கையால் கொன்றுவிட்டவனை இனி நீங்கள் என்ன அடித்துவிடப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவன் தனியாக மூன்று நாள் குழி வெட்டி, மான்களையும் செவலையையும் புதைத்தான்.

மான் இல்லாத மலையில் புலி என்ன தின்னும்? ஐப்பசியில் பட்டிக்கு இறங்கிற்று. கார்த்திகையில் மாட்டோடு மல்லனையும் கொண்டுபோயிற்று. தை பிறப்பதற்குள் மூன்று ஊர்க்காரர்கள் அடுப்புக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

செங்கோடன் போகவில்லை. நாச்சாயியிடம் கொள்ளு விதை வாங்கி, மக்கின எரு போட்டு, வருஷா வருஷம் மான்பங்கு விதைத்தான். தின்ன மான் வரவில்லை. கொடி காய்ந்து சருகாகும், மறுபடி விதைப்பான்.

குழி வெட்டி முடித்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிட்டு எழுந்துகொள்கிறேன். அவன் குளித்துவிட்டு வந்து கூழ் கரைத்தான். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெண்டாட்டி போன நாளிலிருந்து செய்வது போல முதல் வாய் கூழைத் தன் கையால் அவள் வாயருகே கொண்டுபோனான். பிள்ளைக்கு அவ்வளவு பசி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவன் கையை மெதுவாக அவன் பக்கமே தள்ளிற்று.

“நீ முதல்ல தின்னுப்பா.”

அவன் தின்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகுதான் தின்றாள். அன்று மட்டும் இல்லை. அவள் பெரியவளாகி, கல்யாணமாகிப் போகிற வரைக்கும், அந்த வீட்டில் தினமும் அப்படித்தான் நடந்தது.

தன் வீட்டு வாய்க்குக் கொடுக்கத் துணியாததை ஊரார் வாய்க்கும் காட்டின் வாய்க்கும் நீட்டாதே, அந்தக் கை பிறகு அமுதையே நீட்டினாலும் பெற்ற பிள்ளைகூட நம்பி வாய் திறக்காது.