செண்பகத்துக்கு ஒரு ரிசீவர்

அறவாழி காலமெல்லாம் டிரில் மாஸ்டராக இருந்தவர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை இந்தக் கோடியிலிருந்தே திட்டக்கூடிய குரல். ஓய்வு பெற்றபின் வயலின் படிக்க ஆசை வந்து, பிலோமினா டீச்சரிடம் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட ரொம்பச் சின்னவர். அதனால் என்ன, அவர் வில்லை எடுத்தால் இவர் கைகட்டி நிற்பார்.

ஒருநாள் பாடம் ஓடவில்லை.

"வீட்டுக்கு ஒரு ரிசீவர் வாங்கணும் டீச்சர். ஸ்பீக்கர் ரெண்டு கிடக்கு. பாட்டை அதுக்கு அனுப்புற பெட்டிதான் இல்ல. எதை வாங்கட்டும்?"

"யாரு கேக்கறதுக்கு?"

"செண்பகத்துக்கு."

செண்பகம் அவர் மனைவி. அடுப்படியில் நின்றாலும் பாடிக்கொண்டே நிற்பவள். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து குரல் வெறும் காற்றாகிவிட்டது. பாடுவதை விட்டாள். கேட்பதையும் விட்டாள். ரேடியோவைப் போட்டால் எழுந்து போய்விடுவாள். அந்த வீட்டின் அமைதியை அறவாழியால் தாங்க முடியவில்லை.

"நல்லா கணீர்னு கேட்டா மனசு மாறுவா டீச்சர்."

பிலோமினா கடைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கடைக்காரர் ஒரு பெரிய பெட்டியில் பாட்டைப் போட்டுச் சத்தத்தைத் திருகி ஏற்றினார். கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது. அறவாழிக்கு வாயெல்லாம் பல்.

"இதான் டீச்சர். விலையும் நம்ம கைக்கு அடங்குது."

"உங்க வீட்டம்மா இப்ப பேசினா எவ்வளவு தூரம் கேக்கும் சார்?"

"பக்கத்துல உக்காந்தாத்தான்."

"அந்த அளவுக்குக் குறைக்கச் சொல்லுங்க."

"அப்படி யாரும் கேட்டு வாங்கறதில்லையே மேடம்," என்றபடி கடைக்காரர் குறைத்தார். குறையக் குறைய ஒரு பக்கத்து ஸ்பீக்கர் ஊமையானது. இன்னொன்றில் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் வந்தது. அடுத்ததை மாட்டினார்கள். அதுவும் அதே கதைதான்.

கடைசியில் இருந்ததிலேயே நோஞ்சானான ஒரு பெட்டி மிஞ்சியது. அதில் பாட்டு கிசுகிசுப்பாக இறங்கியும் இரண்டு பக்கமும் சமமாக வந்தது. தம்பூராகூடத் தனியாகக் கேட்டது.

"இது," என்றார் பிலோமினா.

"சவலைப் பிள்ளை மாதிரி இருக்கே டீச்சர்."

குரு சொல்லைத் தட்ட முடியாமல், அறவாழி அரை மனதோடு அதைச் சுமந்து போனார்.

மறுநாள் காலை டீச்சர் வீட்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார். கையில் வயலின் இல்லை. சட்டைப் பொத்தான்கள் துளை மாறிப் பூட்டிக் கிடந்தன.

"ஜெயிச்சிட்டோம் டீச்சர்."

பிலோமினா கதவை முழுசாகத் திறந்தார்.

"நீங்க சொன்ன அளவுலயே வச்சேன். அவ எழுந்து போகல. கீரை ஆய்ஞ்சிக்கிட்டே கேட்டா. அப்புறம் பாட்டோட சேந்து பாட ஆரம்பிச்சா. காத்துதான் வருது. ஆனா பாட்டு அவளை அமுக்கல டீச்சர். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டுச்சு."

ஊரையே மிரட்டிய குரல் தழுதழுத்தது. கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை சந்தோஷம்.

"இப்பவும் பாடறாங்களா?"

"பாடிக்கிட்டேதான் இருக்கா. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்."

"அப்ப இங்க என்ன சார் பண்றீங்க?"