தோற்றவருக்கு விட்ட துறைமுகங்கள்

நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில் ஞாயிறு மதியம்தோறும் சிலர் மடிக்கணினிகளோடு கூடுவார்கள். ஆளுக்கொரு நாட்டை ஆளும் விளையாட்டு. படை திரட்டலாம், கூட்டணி சேரலாம், சண்டை போடலாம், சமாதானம் பேசலாம். ஒரே ஆட்டம் மாதக்கணக்கில் ஓடும்.

மெர்லினை அங்கே யாரும் வென்றதில்லை. அவளைவிட மூத்தவரான செவ்வேள் அவளிடம்தான் ஆட்டம் கற்றார். கேலியாகத்தான் முதலில் "ஆசானே" என்று கூப்பிட்டார். போகப் போகக் கேலி போய்விட்டது, 'ஆசான்' நிலைத்துவிட்டது.

அன்று செவ்வேளுக்கு முதல் பெரிய வெற்றி. மத்தியாஸைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஜபருல்லாவின் பேரரசை அடித்து வீழ்த்தியிருந்தார். திரையில் சமாதானப் பேச்சுக்கான வரைபடம் விரிந்தது. தனக்கு வேண்டிய இடங்களை வென்றவர் தொட்டுக் காட்ட வேண்டும். செவ்வேள் துறைமுகம் துறைமுகமாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் ஜபருல்லாவுக்கு மிஞ்சியது ஒரு தீவு.

"ஆசானே, எவ்வளவு எடுக்கலாம்?"

"எவ்வளவு எடுக்க முடியுது?"

"அந்தத் தீவைத் தவிர எல்லாம்."

மெர்லின் எழுந்து ஜபருல்லாவிடம் போனாள். அவர் சார்ஜர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், அடுத்த வாரம் வருவீங்களா?"

"அந்தத் தீவுல உக்காந்து நான் என்னம்மா செய்ய? மீன் பிடிக்கவா?" சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

அவள் செவ்வேளிடம் திரும்பினாள். "வடக்குக் கணவாயை யாரு காத்தது?"

"மத்தியாஸ்."

"அவருக்கு என்ன?"

"பங்கு குடுக்கணும்னு ஆட்டத்துல விதி இல்லையே."

பக்கத்து மேசையில் மத்தியாஸ் தலை நிமிரவில்லை. அவருடைய தலைநகரம் அந்தப் போரில்தான் எரிந்தது.

"இல்லதான் அண்ணாச்சி," என்றார். "அடுத்த தடவை கூப்பிட்டா நான் வரணும்னும் விதி இல்ல."

செவ்வேளுக்குக் காது சுட்டது. எத்தனையோ ஞாயிறு தோற்றுவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிய மனுஷன். இன்றைக்கு ஒரு நாள் வாரிக்கொண்டு போனால் என்னவாம்? சுருட்டிய வயரை ஜபருல்லா பைக்குள் வைப்பதைப் பார்த்தார்.

பிறகு வடக்கு முழுவதையும் மத்தியாஸின் பெயருக்கு மாற்றினார். கிழக்கே இரண்டு துறைமுகங்களையும் தலைநகரத்தையும் ஜபருல்லாவுக்கே விட்டார். தனக்கு மூன்று ஊர்கள்.

ஜபருல்லா திரையைக் கூர்ந்து பார்த்தார். சம்மதம் என்று அழுத்தினார். அழுத்திய கையோடு கப்பல் கட்டும் பட்டறையைத் திறந்தார்.

செவ்வேள் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆசானே, ரெண்டு துறைமுகம் போதும் அவருக்கு. உடன்படிக்கைக் காலம் முடிஞ்ச மறுநாளே என் மேல படையெடுத்து வருவாரே?"

"வருவாரு," என்றாள் மெர்லின். "அதுக்குத்தானே அண்ணே எல்லாரும் இங்க வாறோம்."